பெயருக்கு விட்ட கட்டம்

மகப்பேறு வார்டிலிருந்து வரும் காகிதங்களை எடித்தா தன் கணவனிடம் காட்டுவதில்லை.

மற்றதெல்லாம் காட்டுவாள். போலந்தின் சானோக் ஊரில் அரசு முத்திரை பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அவள். கார் விற்றவன், வெளிநாட்டில் கல்யாணம் பண்ணினவள், அங்கேயே விவாகரத்து ஆனவன் என்று எல்லாரும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறுவார்கள். மொழிபெயர்த்து முடித்ததும் ஜெனோன் போலிஷ் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவான். அவள் தன் ஆங்கிலத்தைப் பார்த்து அதைத் திரும்பப் போலிஷில் வரிவரியாக வாய்விட்டுச் சொல்வாள். அவன் ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஒரு டிக் போடுவான். முத்திரை போடுகிற காகிதத்தில் எதையும் கூட்டக் கூடாது, எதையும் விடக் கூடாது. மங்கிப்போன ரப்பர் ஸ்டாம்பையும், அடித்துவிட்ட எழுத்தையும், ஒன்றும் எழுதாமல் விட்ட கட்டத்தையும்கூட இன்னதென்று சொல்லியாக வேண்டும். நாலு கண் பார்த்தால்தான் அது முடியும்.

ஜெனோன் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெரியாது. "எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் உனக்கு நல்லது. தெரிஞ்சா ஒவ்வொரு வரிக்கும் உன்கூடச் சண்டை போடுவேன்" என்பான்.

ஆனால் அந்த வேறு மாதிரிக் காகிதங்கள் வரும் நாளில் அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். அவனும் கேட்க மாட்டான். கடைக்குப் போய், வீட்டில் ரொட்டி இருக்கும்போதே இன்னொரு ரொட்டி வாங்கி வருவான்.

கல்லறைத் திருநாள் முடிந்த வாரம். மழையில் நனைந்த இலைகள் படிக்கட்டுவரை ஒட்டிக்கொண்டிருந்தன. காலையில் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவள் இவோனா, உள்ளூர்ப் பெண், போன வாரம்தான் கல்யாணம் ஆனவள். பின்னால் அவள் தங்கை கொர்னேலியா. அக்காவின் கல்யாணத்துக்காக அயர்லாந்திலிருந்து வந்தவளுக்கு ஏழாம் மாதம். வந்த இடத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோயிற்று. அவளுக்குப் பின்னால் அவள் கணவன் டெக்லன், உயரமான ஐரிஷ்காரன், மனைவியின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சீக்கிரம் முடிச்சுக் குடுங்க மேடம்" என்றாள் இவோனா. "நாளைக்கு விடிகாலைல வண்டி கிளம்புது. குழந்தையை அவங்க ஊருக்குக் கொண்டுபோய் இவர் அம்மா கல்லறை பக்கத்துல வைக்கப் போறாங்க. கப்பல் ஏத்துற எடத்துலயும் அந்தக் கோயில்லயும் இங்கிலீஷ்ல காகிதம் கேப்பாங்களாம். இது ஒண்ணு முடிஞ்சாதான் இவ எழுந்து நிப்பா."

கொர்னேலியா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். டெக்லன் எடித்தாவிடம் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டான். இந்த ஊரில் அவன் மொழியில் கேட்க மனைவியை விட்டால் அவள்தான்; மனைவியிடம் இதைக் கேட்க முடியாது.

"அம்மா, பாப்பாவை வச்சிருக்கிற எடத்துல ரொம்பக் குளிருமா?"

"நல்லாச் சுத்தி வச்சிருப்பாங்க தம்பி" என்றாள் எடித்தா. அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் போனதும் சிலுவை போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, பரிசோதனை அறிக்கை, கடைசியாகப் பதிவு அலுவலகத்தின் பிறப்புச் சான்று. உயிரில்லாமல் பிறந்த குழந்தைக்கும் அங்கே பிறப்பைத்தான் பதிவார்கள்.

கொர்னேலியாவுக்கு இது இரண்டாவது இழப்பு. முதலாவது மூன்று வருடம் முன்பு, இதே ஊரில், நாள் தள்ளிப்போன கொஞ்ச காலத்துக்குள். போலிஷ் டாக்டர்கள் அதற்கு எழுதும் சொல்லில் மரம் இலை உதிர்ப்பது, கண் நீர் உதிர்ப்பது எல்லாம் இருக்கும். உதிர்ந்தது, அவ்வளவுதான், யார் மேலும் குற்றம் இல்லை. ஆங்கிலத்தில் வழக்கமாக எழுதும் சொல் சுமந்தவள் ஒழுங்காகச் சுமக்கவில்லை என்பது போல் ஒலிக்கும். ஒவ்வொரு முறை அதைத் தட்டும்போதும் எடித்தாவுக்கு எந்தப் பெண்ணிடமோ மன்னிப்புக் கேட்கவேண்டும் போலிருக்கும். இப்போதைய இழப்புக்கு எழுதியிருந்தது வேறு சொல்: பட்டுப்போனது. கிளை பட்டுப்போவதைப் போல. ஆங்கிலத்தில் அது வெறும் மரணம். கிளையும் இல்லை, இலையும் இல்லை.

அப்புறம் அந்தச் சொல் வந்தது. கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சைக்குப் போலிஷில் இருக்கும் சொல். அதற்குள் சின்னக் கரண்டி ஒன்று இருக்கிறது, தேநீர் கலக்குகிற கரண்டி. ஆங்கிலச் சொல்லில் அந்தக் கரண்டி கிடையாது. போலிஷ் பெண்களுக்குத்தான் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்.

சமையலறையில் கண்ணாடித் தம்ளரில் கரண்டி இடிக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, சர்க்கரை கரைகிற வரைக்கும் யாரோ கலக்குவது போல. ஜெனோன் கடைக்குப் போயிருந்தான். எடித்தா எழுந்து பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ நிற்பதும் தெரியும். இருபத்தாறு வருடமாக, இந்தக் காகிதங்கள் வரும்போதெல்லாம் வந்து நிற்பது. முதலில் அவள் முழங்கையின் உயரத்துக்கு இருந்தது. பிறகு தோள்வரை வளர்ந்தது. ஒரு காலத்தில் எட்டி எட்டித் திரையைப் படித்தது. இப்போது எட்ட வேண்டியதில்லை. வளர்ந்த பெண்ணின் உயரம். அவள் திரும்பியதே இல்லை. பயத்தால் அல்ல. திரும்பினால் போய்விடுமோ என்றுதான்.

இருபத்தாறு வருடம் முன்பு அவளும் ஜெனோனும் வேறு ஊரில் குடியிருந்தார்கள். எடித்தாவுக்கு ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தது. அங்கிருந்த மருத்துவமனையில் அவளிடம் எதையும் காட்டவில்லை, எதையும் கேட்கவில்லை, கையில் எதையும் தரவில்லை. வெறும் கையோடு பேருந்தில் வீடு வந்தாள். அந்தப் பேருந்தை ஓட்டியது ஜெனோன்தான், விடுப்புக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் தேநீர் போட்டுக் கொடுத்தான். அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. தனியாகச் சரிபார்க்கத் தொடங்கினாள். வரிகள் கலங்கின. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தும் மனசில் நிற்கவில்லை. எண் ஒன்று மாறியிருந்தால்கூடக் கப்பல் துறையில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அந்தச் சின்னப் பெட்டி மழையில் எங்கோ காத்துக் கிடக்கும்.

வாசலில் ஜெனோன் காலணியைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்தாள்.

"ஜெனோன், கொஞ்சம் வந்து உக்காரு. என் கண்ணை நம்ப முடியல."

கையில் ரொட்டிப் பையோடு அவன் நின்றான். மேசையின் மேலிருந்த மருத்துவமனை முத்திரையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் பையை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். உதிர்ந்தது. டிக். கரண்டியால் சுத்தம் செய்தது. பென்சில் அந்தரத்தில் நின்றது, பிறகு டிக். கருப்பைக்குள் பட்டுப்போனது. டிக். அந்த வீட்டில் அந்தச் சொற்கள் வாய்விட்டு ஒலித்தது அன்றுதான் முதல் தடவை. அவன் வேண்டுமென்றே காகிதத்தைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. அந்த உதவியை அவள் கவனித்தாள்.

கடைசியில் பிறப்புச் சான்று.

"ஒரு வரியைத் தாண்டிட்டே" என்றான்.

"எங்க?"

"அம்மா பேருக்கு மேல. குழந்தையோட பேருன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு."

"அதுல ஒண்ணும் எழுதலையே."

"எழுதலைன்னா எழுதலைன்னு போடணும்னு நீதானே சொல்லுவே. போன மாசம் அந்த டிராக்டர்காரன் காகிதத்துல ஒரு காலிக் கட்டத்தைப் பாக்காம விட்டேன்னு என்னை என்ன வாங்கு வாங்கினே அம்மணி."

எடித்தா குனிந்து பார்த்தாள். கட்டம் அங்கேதான் இருந்தது. எல்லாருடைய கண்ணிலும் படுகிற இடத்தில், சுத்தமாக, வெள்ளையாக. இத்தனை வருட வேலையில் ஒரு கட்டத்தைக்கூட அவள் விட்டதில்லை. 'பதிவு இல்லை' என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் போட்டால் தீர்ந்தது. விரல் விசையின் மேல் நின்றது, அழுத்தவில்லை.

"ஏன் பேர் வைக்கல?" என்றான் ஜெனோன்.

"வைக்கணும்னு கட்டாயம் இல்ல. பெத்தவங்க சொன்னா எழுதுவாங்க."

"யாராவது கேட்டாங்களா அந்தப் பொண்ணை?"

"அது நம்ம வேலை இல்ல. நான் எழுத்தை மாத்தறவ. அவங்க வீட்டு விஷயத்துல தலையிடறதுக்கு யாரும் எனக்கு முத்திரை குடுக்கல."

ஜெனோன் பென்சிலை மேசையில் வைத்தான்.

"நம்மளை யாரும் கேக்கல" என்றான்.

வெளியே மழை விட்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கல்லறைத் திருநாளுக்கு நம்ம ஆளுங்களுக்கெல்லாம் விளக்கு ஏத்தினப்புறம் நான் தனியாப் போய் நடுவுல இருக்கிற பெரிய சிலுவைகிட்ட ஒண்ணு ஏத்துறேன்ல?"

கல்லறை எங்கே என்று தெரியாதவர்களுக்கு எல்லாரும் விளக்கு வைக்கும் இடம் அது.

"உங்க மாமாவுக்கு. சண்டையில காணாமப்போனவருக்கு."

"அந்த ஆளுக்கா? அவரு சண்டைக்கே போகல. எவகூடவோ ஓடிட்டாரு. அவருக்கு எதுக்கு நான் மெழுகுவத்தி வாங்கறேன்?" லேசாகச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "நம்ம சின்னதுக்கு. பையனா பொண்ணான்னு தெரியாதே. அதான் சின்னதுன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டு வருவேன்."

எடித்தா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

இவோனாதான் எடுத்தாள். "முடிஞ்சுதா மேடம்?"

"ஒரு சின்னச் சந்தேகம்மா. குழந்தை பேரு காலியா இருக்கு. தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"நான்தான் விடச் சொன்னேன். ஆஸ்பத்திரியில அவ இருந்த இருப்புக்கு என்னத்தைக் கேக்கறது? பேர் வச்சா மறக்க முடியுமா, சொல்லுங்க. அவங்க நெனச்சு வச்சிருந்த பேரை அடுத்த குழந்தைக்கு வச்சுக்கலாம். நல்ல பேரு, வீணாப் போகக் கூடாது." குரல் கரகரத்தது. அவள் கெட்டவள் இல்லை. தங்கை அழுவதைப் பார்க்க முடியாதவள்.

"கொர்னேலியாகிட்டக் குடும்மா."

தொலைபேசி கை மாறியது. அப்புறம் கொர்னேலியாவின் குரல், தரையிலிருந்து வருவது போல.

"ஓர்லான்னு வச்சிருந்தோம். டெக்லனோட அம்மா பேரு. மேடம், அதை இப்பக் குடுத்துட்டேன்னா என்கிட்ட மிச்சம் ஒண்ணும் இருக்காது."

ஜெனோன் எழுந்துபோய் ஜன்னலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நாற்காலிக்குப் பின்னால் நிற்பது இன்னும் நெருங்கி வந்திருப்பது போலிருந்தது, மூச்சுப் படுகிற தூரத்துக்கு.

"எனக்கு ஒரு பொண்ணு பிறந்துச்சு" என்றாள்.

ஜெனோன் திரும்பினான்.

"பொண்ணுன்னு தாதி இன்னொருத்திகிட்டச் சொன்னது என் காதுல விழுந்துச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரர்கிட்டகூட. சொன்னா அவருக்கு இன்னும் வலிக்கும்னு நெனச்சேன். பேரும் வைக்கல. அப்படியே மறந்துடும்னாங்க. மறக்கல கொர்னேலியா. பேர் இல்லாததை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியாம வீட்டுக்குள்ளயே வச்சுட்டிருக்கேன்." குரலைச் சரிசெய்துகொண்டாள். "நீ வைக்கணும்னு நான் சொல்லல. அந்தப் பேரை அடுத்த குழந்தைக்கு வச்சுக்கறது தப்பும் இல்ல. உன்னை ஒருத்தராவது கேட்டிருக்கணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன். டெக்லனுக்குத் தெரியுமா?"

"அப்படி ஒரு கட்டம் இருக்கறதே அவருக்குத் தெரியாது. எல்லாம் போலிஷ்லதானே இருந்துச்சு."

"அவர்கிட்டக் குடு. ரெண்டு பேரும் பக்கத்துல இருங்க. நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க முடியாததை நான் மாத்திச் சொல்றேன்."

டெக்லனிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் புரியாமல் விழித்தது தொலைபேசியிலேயே தெரிந்தது.

"அவ பேரு ஓர்லாதானே? எங்க ஊர்ல அம்மா கல்லறைக் கல்லுல கீழே இவ பேரையும் வெட்டச் சொல்லி அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேனே. ஆறாம் மாசத்துலேர்ந்து நான் தினமும் வயித்துகிட்ட வாயை வச்சு அப்படித்தான் கூப்பிட்டுட்டிருந்தேன். ஏன், இங்க அவளுக்கு என்ன பேரு போட்டிருக்காங்க?"

கொர்னேலியா ஆங்கிலம் தெரிந்தவள்தான் என்றாலும், எடித்தா அதை அவளுக்குப் போலிஷில் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. வயிற்றருகே வாயை வைத்துக் கூப்பிட்டதையும், கல்லையும், அவனுடைய கடைசிக் கேள்வியையும் அப்படியே சொன்னாள்.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"ஆபீஸ் எப்ப மூடுவாங்க மேடம்?" என்றாள் கொர்னேலியா.

பதிவு அலுவலகத்தில் ஹலினா கோட்டை மாட்டிக்கொண்டு சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவயசுக்காரி. ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணத்தையும் சாவையும் எழுதியவள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? வாரம் பூராக் கதவு திறந்துதான் இருந்துச்சு."

"தப்புதான் ஹலினா மேடம்" என்றாள் எடித்தா. "இந்தக் குழந்தைக்குப் பேர் சேக்கணும். விடிஞ்சா வண்டி கிளம்பிடும்."

ஹலினா கொர்னேலியாவைப் பார்த்தாள். பெரிய சைஸ் கோட்டுக்குள் இன்னும் பெரிதாகவே இருந்த அந்த வயிற்றையும் பார்த்தாள். சாவியை மேசையில் போட்டாள். கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். அணைத்திருந்த கணினியை மறுபடி போட்டு, அது கண்விழிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டு வரும் எந்தப் பெற்றோரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"குழந்தையோட பேரு?"

டெக்லனுக்குக் கேள்வியின் மொழி புரியவில்லை. ஆனால் கேட்பது என்ன என்று புரிந்தது. அவன் வாயைத் திறக்கப்போனான். கொர்னேலியா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தானே சொல்லவேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

"ஓர்லா."

"ஓர்லா" என்று ஹலினா திரும்பச் சொன்னாள். "நல்லாருக்கு. எங்கிட்ட இதுதான் முதல் ஓர்லா." தட்டி முடித்துத் தாளை அச்சிட்டு முத்திரை வைத்தாள். இழுப்பறையைத் திறந்து பால் மிட்டாய் ஒன்றை எடுத்து, யாரையும் பார்க்காமல் கொர்னேலியாவின் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடும்மா. முகம் வெளுத்துக் கெடக்கு."

கடவுள் பெரிய அற்புதங்களைக் கையில் எடுப்பது அபூர்வம். கழற்றி மாட்டிய ஒரு கோட்டை வைத்துக்கொண்டு அவர் சில நாள் சமாளித்துவிடுகிறார்.

வாசலில் இவோனா நின்றிருந்தாள். உள்ளே வர மனம் வரவில்லை. தங்கை வெளியே வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு கம்பளித் தொப்பியை எடுத்தாள். ஆரஞ்சுப் பழத்துக்குப் போடுகிற அளவு.

"ரெண்டு மாசம் முன்னாடியே பின்னி வச்சேன்" என்றாள். "உன் கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். கொடுத்தா போட்டு விடுவாங்களா? நான் பேரைத் தச்சுக் குடுத்துடறேன். எப்படி எழுதறதுன்னு மட்டும் சொல்லு."

கொர்னேலியா அதை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். டெக்லன் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

வீட்டில் எடித்தா பிறப்புச் சான்றை மறுபடி செய்தாள். மற்ற எல்லாச் சொல்லையும் ஒரு மொழியிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் நடவேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண் உதிர்ந்தது. பெயரை மட்டும் யாரும் மொழிபெயர்ப்பதில்லை. பார்த்து அப்படியே எழுதினாள். ஜெனோன் எதிரே உட்கார்ந்து டிக் போட்டான். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள். அவன் பென்சிலை அழுத்தி வைத்தான்.

காகிதங்களை இவோனா வீட்டில் கொடுத்துவிட்டு இருவரும் ஆற்றுப் பாலத்தின் வழியாகத் திரும்பினார்கள். கீழே சான் நதி கலங்கல் நீரோடு போய்க்கொண்டிருந்தது. ஜெனோன் இரண்டடி முன்னால் நடந்தான். கோபமாக இருக்கிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"பொண்ணு" என்றான் கடைசியில்.

"ஆமா. அப்பவே சொல்லியிருக்கணும்."

"நானும்தான் கேட்டிருக்கணும்." இன்னும் கொஞ்ச தூரம் நடந்தான். "எங்க அத்தை பேரை வச்சிடலாமா? லியோகாடியா."

"உங்க அத்தைக்கு மீசை இருந்துச்சு ஜெனோன்."

"அது பேரால வந்தது இல்லையே. சரி, ஜென்யா?"

"உன் பேரு மாதிரியே இருக்கு. ஒரு வீட்டுல ஒண்ணு போதும்."

"அப்போ மால்வினா."

"ம்ஹூம். பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நின்றுவிட்டாள். ஜெனோனும் நின்றான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரொம்ப யோசிப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு, அடுத்த பெயரைச் சொன்னான்.